கூட்டிப் போக யார் வருவார்கள்? ஜெர்மனியில் பிள்ளை வளர்க்க வருகிறவர்களுக்கு

2017 செப்டம்பரில் மகளை ஸ்டுட்கார்ட்டில் கீட்டாவில் சேர்த்தோம். கீட்டா என்றால் நம் ஊர் பால்வாடியும் எல்.கே.ஜி.யும் சேர்ந்த மாதிரி ஒரு இடம். சேர்க்கும்போது கொடுத்த காகிதங்களில் ஒன்றில், பெற்றோரைத் தவிர வேறு யார் யார் குழந்தையைக் கூட்டிப் போகலாம் என்று கேட்டு ஐந்து கோடு போட்டிருந்தது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். பாளையங்கோட்டையாக இருந்தால் அந்த ஐந்து கோடு போதாது. ஆச்சி, தாத்தா, சித்தி, மாமா, எதிர்வீட்டு அக்கா, தினமும் வரும் ஆட்டோ அண்ணன் என்று பின்பக்கமும் எழுதியிருப்போம். இங்கே ஒரு பெயரும் இல்லை. வெறுமையாகவே கொடுத்துவிட்டு வந்தோம்.

வெளிநாட்டில் பிள்ளை வளர்ப்பதில் கஷ்டம் எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டால் அந்த ஐந்து கோட்டைத்தான் காட்டுவேன். குளிர், சாப்பாடு, மொழி எல்லாம் அதற்குப் பிறகுதான். வேலை கிடைத்துக் கைக்குழந்தையோடு கிளம்பும் தம்பி தங்கைகள் அடிக்கடி போன் போட்டுக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறேன். நான் இருப்பது பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம். கீட்டா கட்டணம், பள்ளி விதிகள் எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பெர்லினிலோ மியூனிக்கிலோ இருப்பவர்கள் அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஊரில் இருக்கும்போதே முடிக்க வேண்டியது

முதல் வேலை பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. வீட்டுக்காரருக்கு அவர் அப்பா பெயர் குடும்பப் பெயர். மகளுக்கு வீட்டுக்காரரின் பெயர். ஒரு வீட்டில் மூன்று பேர், மூன்று விதம். ஜெர்மனியில் கதவு மணியில் இருந்து காப்பீட்டு அட்டை வரை குடும்பப் பெயரை வைத்துத்தான் எல்லாம் நடக்கிறது. ஒரு அலுவலகத்தில் என் பெயரையே இரண்டு கட்டத்திலும் எழுதினார்கள். இன்னொரு இடத்தில் ஒரு கோடு போட்டு விட்டுவிட்டார்கள். இரண்டும் ஒத்துப்போகாததால் மருத்துவக் காப்பீட்டு அட்டை வருவதற்கு ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் மகளுக்கு ஒன்றும் வந்துவிடக்கூடாதே என்று நான் வேண்டாத சாமி இல்லை. அதனால் விசாவுக்கு எழுதிப்போடும் முன்பே எல்லார் பாஸ்போர்ட்டிலும் பெயரையும் குடும்பப் பெயரையும் இரண்டு கட்டமாகப் பிரித்து வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊரில் பிறந்த உடனே வாங்கிய சான்றிதழ் பலவற்றில் குழந்தையின் பெயரே இருக்காது. அப்பா அம்மா பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே எழுத்துக்கு எழுத்து அதில் இருக்க வேண்டும்.

அடுத்தது தடுப்பூசி அட்டை. 2020 மார்ச் 1-ஆம் தேதியில் இருந்து தட்டம்மைத் தடுப்பூசிக்குச் சான்று இல்லாமல் கீட்டாவில் சேர்க்க முடியாது, பள்ளியிலும் கேட்பார்கள். போட்ட ஊசி எல்லாவற்றையும் தேதியோடு ஆங்கிலத்தில் எழுதி, டாக்டரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வாருங்கள். மசங்கிப்போன பழைய அட்டையை இங்கே யாராலும் படிக்க முடியாது. தோளில் இருக்கும் பி.சி.ஜி. தழும்பைப் பார்த்து இது என்ன என்று கேட்பார்கள். இங்கே அந்த ஊசி வழக்கத்தில் இல்லை. பயப்படாமல் விவரம் சொன்னால் போதும்.

இங்கேயே பிறக்கும் குழந்தை

எனக்கு இரண்டாவது குழந்தை 2019 மார்ச்சில் இங்கே பிறந்தான். கர்ப்பம் உறுதியானதும் மருத்துவமனை தேடுவதற்கு முன் ஹெபாமெ தேடுங்கள். ஹெபாமெ என்றால் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் பார்த்துக்கொள்ளும் தாதி. வீட்டுக்கே வருவார். பிறந்த முதல் பத்து நாள் தினமும், பிறகு பன்னிரண்டு வாரம் வரைக்கும் தேவைக்கு ஏற்ப வருவார். அரசுக் காப்பீட்டில் இருந்தால் செலவு அவர்களுடையது. ஆனால் ஆள் தட்டுப்பாடு அதிகம். நான் பத்தாவது வாரத்தில் தேட ஆரம்பித்து, இருபத்திரண்டு பேருக்குப் போன் போட்டு, ஒருவரைப் பிடித்தேன். அவர் குழந்தையை ஒரு துணித் தொட்டிலில் தூக்கிக் கையால் பிடிக்கும் சின்னத் தராசில் எடை பார்ப்பார். பால் கட்டினால் என்ன செய்வது, தொப்புள் காய்ந்துவிட்டதா, நான் நேற்று அழுதேனா என்று எல்லாம் கேட்பார். கடைசிக் கேள்வியை என் முதல் பிரசவத்தில் ஊரில் யாரும் கேட்டதில்லை.

அம்மாவையும் வரவழைத்தேன். ஷெங்கன் விசாவில் 180 நாளுக்குள் 90 நாள்தான் இருக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று வெளிநாட்டினர் அலுவலகத்தில் உறுதிக் கடிதம் வாங்கி அனுப்ப வேண்டும். அந்த அலுவலகத்தில் தேதி கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும். பிரசவத் தேதியில் இருந்து ஐந்து மாதம் பின்னால் எண்ணி வேலையை ஆரம்பியுங்கள். 90 நாளையும் எப்படி வைப்பது என்பதில் என் கருத்து இது: பிரசவத்துக்கு ரொம்ப முன்னால் வரவழைத்து நாளை வீணாக்க வேண்டாம், இரண்டு வாரம் முன்னால் வந்தால் போதும். அம்மா கருப்பட்டி, சுக்கு, பெருங்காயம், பூண்டு எல்லாம் கட்டிக்கொண்டு வந்தாள். ஹெபாமெவும் அம்மாவும் ஒரே அறையில். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து நீவுவதை ஹெபாமெ கை கட்டி நின்று முழுக்கப் பார்த்தார். பிறகு அறையைச் சூடாக வைத்துக்கொண்டு செய்யுங்கள் என்று மட்டும் சொன்னார்.

ஒன்றை மறக்கவே கூடாது. வைட்டமின் டி. பிறந்த இரண்டாவது வாரத்தில் இருந்து குழந்தைக்குத் தினமும் கொடுக்கச் சொல்வார்கள். நம் குழந்தைகள் நிறத்துக்கும் இங்கத்திய நவம்பர் வெயிலுக்கும் அது மிக மிக அவசியம். ஊரில் இதெல்லாம் யார் கொடுத்தார்கள் என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். மஞ்சள் நிறப் பரிசோதனைப் புத்தகம் ஒன்று தருவார்கள். பிறந்த நாளில் இருந்து ஐந்தே கால் வயசு வரை எந்தப் பரிசோதனை எப்போது என்று அதில் இருக்கும். எங்கள் மாநிலத்தில் அவை கட்டாயம்.

பிறகு காகித வேலை. இங்கே பிறந்தாலும் குழந்தைக்குத் தானாக ஜெர்மன் குடியுரிமை வந்துவிடாது. இப்போதைய சட்டப்படி அப்பா அம்மாவில் ஒருவராவது ஐந்து வருஷம் சட்டப்படி இங்கே வாழ்ந்து, நிரந்தரமாகத் தங்கும் உரிமையும் வைத்திருக்க வேண்டும். 2024 ஜூன் வரை அது எட்டு வருஷம். எங்கள் மகன் பிறந்தபோது எங்களுக்கு அந்தக் கணக்கு வரவில்லை. அப்படிப்பட்ட குழந்தைகளை இந்தியத் தூதரகத்தில் ஒரு வருஷத்துக்குள் பதிவு செய்து பாஸ்போர்ட் வாங்க வேண்டும். எங்கள் மாநிலத்துக்கு மியூனிக். தங்கும் அனுமதிக்கு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து வருஷம்தான் செல்லும். காலாவதித் தேதியைச் சமையலறைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

பணமும் விடுப்பும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், விவரம் எல்லா இடத்திலும் கிடைக்கும். கிண்டர்கெல்ட் என்று குழந்தைக்கு மாதாமாதம் பணம் வரும், 2025-இல் 255 யூரோ. தாமதமாக விண்ணப்பித்தால் ஆறு மாதத்துக்குப் பின்னோக்கித்தான் தருவார்கள். எல்டர்ன்கெல்ட் என்பது விடுப்பில் இருக்கும் அப்பா அம்மாவுக்குச் சம்பளத்துக்குப் பதிலாக வருவது, பெரும்பாலும் கைக்கு வரும் சம்பளத்தில் 65 சதவீதம், உச்சவரம்பு மாதம் 1800 யூரோ. அதற்கு மூன்று மாதம்தான் பின்னோக்கித் தருவார்கள். எல்டர்ன்ட்சைட் என்னும் விடுப்பை அப்பாவும் எடுக்கலாம், அம்மாவும் எடுக்கலாம், ஒவ்வொருவருக்கும் ஒரு குழந்தைக்கு மூன்று வருஷம் வரை வேலைக்குப் பாதுகாப்பு உண்டு. ஏழு வாரம் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அப்பாக்கள் கட்டாயம் எடுங்கள். இருவரும் பங்கு போட்டால் எல்டர்ன்கெல்ட் 12 மாதத்துக்குப் பதில் 14 மாதம் கிடைக்கும். அதைவிட முக்கியமானது வேறு. என் வீட்டுக்காரர் இரண்டு மாதம் எடுத்தார். ஊரில் இருந்து போன் போட்ட பெரியப்பா, "என்ன மாப்ளே, வேலை போயிருச்சா?" என்று கவலையோடு கேட்டார். அந்த இரண்டு மாதத்தில்தான் அவர் மகனுக்கு ஊட்டவும் குளிப்பாட்டவும் தூங்கவைக்கவும் நானில்லாமல் பழகினார். பின்னால் எனக்கு முதுகு பிடித்துப் படுத்திருந்த பத்து நாள் வீடு ஓடியது அதனால்தான்.

கீட்டா

ஒரு வயசு முடிந்த குழந்தைக்குக் கீட்டாவில் இடம் கேட்கும் உரிமை 2013 ஆகஸ்டில் இருந்து சட்டத்தில் இருக்கிறது. உரிமை இருக்கிறதே தவிர இடம் உடனே இருக்காது. எங்களுக்குப் பதினோரு மாதம் ஆனது. வீட்டு முகவரி பதிந்த அதே வாரம் நகராட்சியின் இணையப் பதிவில் பெயரைக் கொடுங்கள். பிறகு பக்கத்தில் இருக்கும் கீட்டாக்களுக்கு நேரில் போய்ப் பேசுங்கள். முகம் தெரிந்த குடும்பத்தை அவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

இடம் கிடைத்ததும் மறுநாளே வேலைக்குப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். ஐன்கெவோனுங் என்று ஒரு பழக்கும் காலம் உண்டு. முதல் மூன்று நாள் அம்மாவோ அப்பாவோ கூடவே அறையில் ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டும், ஒரு மணி நேரம் போல. நாலாவது நாள் சொல்லிக்கொண்டு வெளியே போய்ப் பார்க்க வேண்டும். குழந்தை தேறினால் நேரத்தைக் கூட்டுவார்கள், அழுதால் குறைப்பார்கள். இரண்டு வாரத்தில் முடிந்த பிள்ளையும் உண்டு, எங்கள் மகளுக்கு ஐந்து வாரம். அதற்கு விடுப்பு எடுத்து வையுங்கள். நம் ஊரில் பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை ஆயாவிடம் பிடுங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடுவோம். அதைவிட இது நல்ல வழி என்று மனசாரச் சொல்கிறேன். ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்வார்கள்: குழந்தை பார்க்காத நேரத்தில் நழுவக் கூடாது. போய்ட்டு வாறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

மகளுக்கு அப்போது ஒரு வார்த்தை ஜெர்மன் தெரியாது. நான் பதினைந்து தமிழ்ச் சொற்களை அவர்கள் எழுத்தில் எழுதி, பக்கத்தில் அர்த்தமும் போட்டு, ஆசிரியையிடம் கொடுத்தேன். தண்ணி, பசிக்குது, ஒண்ணுக்கு, தூக்கம், வலிக்குது, அம்மா வருவாங்க. அந்தக் காகிதத்தைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார்கள். "அம்மா வருவாங்க" என்பதை அந்த ஆசிரியை சொல்லக் கேட்ட அன்று மகள் அழுகையை நிறுத்தினாள் என்று சாயங்காலம் சொன்னார்கள். எல்லாரும் இதைச் செய்யுங்கள். பத்து நிமிஷ வேலை.

உடை விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள், ஆனால் புதுசாக வாங்கவும் வேண்டாம். மழையிலும் வெளியே விடுவார்கள். சேற்றில் உட்கார ஒரு ரப்பர் கால்சட்டை, ரப்பர் பூட்ஸ், கம்பளித் தொப்பி, கையுறை இரண்டு ஜோடி, மாற்றுத்துணி ஒரு பை. எல்லாவற்றிலும் பெயர். வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் கீட்டாக்களிலேயே பழைய குழந்தைத் துணிச் சந்தை போடுவார்கள், அங்கே வாங்கினால் போதும்.

காய்ச்சல் வந்தால்

முதல் குளிர்காலம் முழுக்க மகளுக்குச் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று மாறி மாறி வந்தது. மூக்கு ஒழுகாத வாரம் எது என்று யோசித்தால் ஞாபகம் வராது. பயப்படாதீர்கள், கீட்டா சேர்ந்த எல்லாக் குழந்தைகளுக்கும் இப்படித்தான். ஆனால் திட்டம் வேண்டும். காய்ச்சல் இருந்தால் கீட்டாவில் உடனே போன் போட்டுக் கூட்டிப் போகச் சொல்வார்கள். காய்ச்சல் விட்டு ஒரு நாள் முழுக்கக் கழிந்த பிறகுதான் சேர்ப்பார்கள்.

அரசுக் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு, பன்னிரண்டு வயசுக்குள் இருக்கும் பிள்ளையின் நோய்க்காக வருஷத்தில் ஒரு குழந்தைக்கு ஆளுக்குப் பதினைந்து நாள் காப்பீட்டுப் பணத்தோடு வீட்டில் இருக்கலாம். இது 2025 கணக்கு. டாக்டர் சீட்டு வேண்டும். எங்கள் வீட்டில் ஒற்றைப்படைத் தேதியில் போன் வந்தால் நான், இரட்டைப்படை என்றால் அவர். அந்த ஏற்பாடு வருவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் யாருக்கு முக்கியமான மீட்டிங் என்று சண்டை போட்டோம். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தது. அதை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது. தேதிக் கணக்கு வைத்தபின் சண்டை நின்றது.

இங்கே குழந்தை டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதித் தருவது அபூர்வம். ஓய்வு, நிறைய நீர், மூக்குக்கு உப்புநீர், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் அல்லது இப்யூபுரோஃபென். அதையும் சின்னக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஆசனவாயில் வைக்கும் மாத்திரையாகத் தருவார்கள். முதல் தடவை மருந்துக் கடையில் அதை வாங்கிக்கொண்டு நின்றபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாந்தி எடுக்கிற குழந்தைக்கு அதைவிட நல்ல வழி இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். இரவிலும் வார இறுதியிலும் டாக்டர் வேண்டுமென்றால் 116117. உயிருக்கு ஆபத்து என்றால் 112. இரண்டையும் குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள், கூடவே உங்கள் வீட்டு முகவரியையும். பதற்றத்தில் தெருப்பெயர் வாயில் வராது.

சரி, அந்த ஐந்து கோட்டுக்கு வருகிறேன். ஸ்டுட்கார்ட் பக்கம் கேர்வோகெ என்று ஒரு வழக்கம் உண்டு. மாடிக் குடியிருப்பில் இருக்கும் குடும்பங்கள் வாரம் ஒருவராக முறைவைத்து மாடிப்படியையும் வாசலையும் பெருக்கித் துடைக்க வேண்டும். யார் முறையோ அவர்கள் வீட்டுக் கதவில் ஒரு சின்ன அட்டை தொங்கும். எங்கள் முறை வந்தபோது மகள் ஒரு கைப்பிடித் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு என்னோடு வந்தாள். ஊர்ப் பழக்கத்தில் வாசல் பெருக்கினால் அவளுக்குச் சந்தோஷம். கீழ்வீட்டில் தனியாக இருந்த எழுபது வயசு அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒரு ஆப்பிள் கொடுத்தார். அடுத்த முறை ஒரு துண்டு கேக். நான் ஒரு கிண்ணத்தில் கேசரி கொண்டுபோனேன். இப்படி எட்டு மாதம் போனது. ஒரு நாள் ரயில் நின்றுபோய் ஐந்து மணிக்குள் கீட்டா போய்ச் சேர முடியாத நிலை. தயங்கித் தயங்கி அவருக்குப் போன் போட்டேன். "பேப்பரில் என் பெயரை எழுதியிருக்கிறாயா?" என்றுதான் முதலில் கேட்டார். எழுதவில்லை. அன்று ஆசிரியை மகளோடு நாற்பது நிமிஷம் எனக்காகக் காத்திருந்தார். மறுநாள் காலையில் முதல் கோட்டில் அந்த அம்மாவின் பெயரை எழுதினேன்.

இதை எப்படிச் செய்வது என்று கேட்பவர்களுக்கு: உதவி தேவைப்படும் முன்பே பழகுங்கள். பெற்றோர் கூட்டத்தில் ஏதாவது ஒரு சின்ன வேலைக்குக் கை தூக்குங்கள், விளக்கு செய்யும் சாயங்காலம், கேக் மேசை, எதுவாக இருந்தாலும். நவம்பர் 11-ஐ ஒட்டிக் குழந்தைகள் காகித விளக்கு பிடித்து ஊர்வலம் போவார்கள், புனித மார்ட்டின் நாள். அந்த விளக்கு ஒட்டும் சாயங்காலத்தில்தான் எனக்கு இரண்டாவது, மூன்றாவது பெயர்கள் கிடைத்தன. ஒரு துருக்கிக் குடும்பம், ஒரு போலந்துக் குடும்பம். அவர்களுக்கும் அந்தக் கோடுகள் காலியாகத்தான் இருந்திருக்கின்றன. பக்கத்து வீடுகளைப் பகைத்துக்கொள்ளாமலும் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடும் வேலை செய்யக் கூடாது என்பது இங்கே பெரிய விஷயம். நான் இட்லி மாவைச் சனிக்கிழமை காலையிலேயே அரைத்துவிடுவேன். குழந்தை ஓடும் சத்தத்தை யாரும் தடுக்க முடியாது, ஆனால் கிரைண்டர் குழந்தை இல்லை.

நம்மால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்குப் பணம் தரும் பொறுப்புக் காப்பீடு ஒன்றும் எடுத்து வையுங்கள், ஏழு வயசுக்குள் இருக்கும் பிள்ளை செய்யும் சேதத்தையும் சேர்த்து. மகள் சைக்கிள் கைப்பிடியால் பக்கத்து வீட்டுக் காரைக் கீறியபோது அதனால்தான் உறவு கெடாமல் தப்பியது.

அடிக்கக் கூடாது

இதைத் தனியாக எழுதுகிறேன். பிள்ளையை அடிக்காமல் வளர்க்க வேண்டும் என்பது 2000-ஆம் வருஷத்தில் இருந்து ஜெர்மனியில் சட்டம். ஒரு தட்டு, காதைத் திருகுவது எல்லாம் சேர்த்துத்தான். ஊரில் இருந்து வரும் பெரியவர்களிடமும் விமான நிலையத்தில் இருந்து வீட்டுக்கு வருவதற்குள் சொல்லிவிடுங்கள். நானும் அடி வாங்கி வளர்ந்தவள்தான். மகளை இரண்டு தடவை அடித்திருக்கிறேன், இரண்டும் வந்த முதல் வருஷத்தில். இரண்டு தடவையும் அவள் தப்பைவிட என் களைப்புதான் பெரிசு. களைத்துப்போனால் பால்கனிக் கதவைத் திறந்து வெளியே நின்றுகொள்வேன். குளிர்காற்று முகத்தில் அடிக்க இரண்டு நிமிஷம். அது போதும்.

தமிழ்

ஜெர்மன் வந்துவிடும். இதைப் பற்றிக் கவலையே வேண்டாம். மகள் கீட்டாவில் ஐந்து மாதம் வாயே திறக்கவில்லை. எனக்குத் தூக்கம் போனது. ஆறாவது மாதம் ஒரு முழு வாக்கியமாகப் பேச ஆரம்பித்தாள். வீட்டில் ஜெர்மன் பேசினால் சீக்கிரம் வரும் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். எனக்கே தடுமாறும் மொழியில் பிள்ளையிடம் என்ன கொஞ்ச முடியும்? எங்கள் குழந்தை டாக்டரும் உங்களுக்கு எது நன்றாக வருமோ அதில் பேசுங்கள் என்றுதான் சொன்னார்.

போவது தமிழ்தான். ஐந்து வயசில் மகள் நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்ல ஆரம்பித்தாள். நாங்கள் செய்தது இது. திட்டவில்லை. புரியாத மாதிரி நடிக்கவும் இல்லை, அது பொய் என்று பிள்ளைக்குத் தெரியும். அவள் சொன்னதையே தமிழில் திரும்பச் சொல்லி, பேச்சைத் தொடர்ந்தோம். "ஓ, பனி பெய்யுதா? எவ்வளவு பெய்யுது?" என்கிற மாதிரி. வருஷக்கணக்கில் செய்ய வேண்டிய வேலை இது. விருந்தாளி முன்னால் நிறுத்தி "மாமாவுக்கு ஒரு குறள் சொல்லு" என்று ஒருநாளும் கேட்கவில்லை.

ஆச்சியோடு தினம் பேச ஒரு நேரம் வைத்தோம். கோடையில் இந்தியா மூன்றரை மணி நேரம் முன்னே, குளிர்காலத்தில் நாலரை. இங்கே காலை ஏழு மணிக்குப் பல் துலக்கும் நேரம், அங்கே ஆச்சி காய்கறி நறுக்கும் நேரம். என்ன கறி என்று பேச்சு தொடங்கும். சும்மா "ஆச்சிகிட்ட பேசு" என்று போனைக் கையில் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் பேசாது, இருவருக்கும் கையில் ஒரு வேலை இருக்க வேண்டும். இங்கே டோனிபாக்ஸ் என்று குழந்தைகள் கதை கேட்கும் ஒரு பெட்டி எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதன் மேல் வைக்கும் பொம்மைகளில் ஒரு வகையில் நாமே 90 நிமிஷம் வரை பதிவு செய்யலாம். அம்மாவை நரி கதை, வடை கதை எல்லாம் சொல்ல வைத்துப் பதிவு செய்தோம். நடுவில் குக்கர் விசில், "ஏட்டி, அடுப்பை அணை" என்று சித்தியை அதட்டும் குரல், எல்லாம் அதில் இருக்கிறது. மகன் அந்த விசில் வரும் இடத்தில் சிரிப்பான். அதை வெட்டிவிடலாமா என்று வீட்டுக்காரர் கேட்டபோது பிள்ளைகள் இரண்டு பேரும் விடவில்லை.

எழுத்துக்குச் சனிக்கிழமைகளில் தமிழாலயம். ஈழத்தில் இருந்து வந்த தமிழர்கள் ஜெர்மனியின் பல ஊர்களில் நடத்தும் பள்ளி அது. போர்க் காலத்தில் ஒன்றுமில்லாமல் வந்திறங்கி, வேலைக்கும் போய்க்கொண்டு, வார இறுதியில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தவர்கள். இன்று நம் பிள்ளைகள் போய் உட்கார இடம் இருப்பது அவர்களால்தான். நன்றியோடு போங்கள், பெற்றோர் வேலைகளில் பங்கெடுங்கள். பேச்சு வித்தியாசமாக இருக்குமே என்று தயங்காதீர்கள். ஒரு நாள் மகள் போனில், "ஆச்சி, நான் சிநேகிதியோட கதைச்சிட்டு வாறன்" என்றாள். "என்ன கதைட்டி சொல்லப் போற?" என்று அம்மா கேட்டாள். இப்போது அம்மாவே "ஓம், விளங்குது" என்று பேத்தியிடம் சொல்கிறாள்.

புத்தகத்துக்கு ஒவ்வொரு தடவை ஊருக்குப் போகும்போதும் பெட்டியில் ஐந்து கிலோ ஒதுக்குங்கள்.

பள்ளிக்கூடம்

முதல் வகுப்பில் சேரும் நாளில் பிள்ளையின் உயரத்துக்குப் பாதி இருக்கும் ஒரு காகிதக் கூம்பில் இனிப்பும் பென்சிலும் நிறைத்துக் கொடுப்பார்கள். 2025 செப்டம்பரில் மகனுக்கு நாங்கள் அதில் கடலைமிட்டாயும் வைத்தோம். சில வாரங்கள் கூடப் போய்ப் பழக்கிய பிறகு தனியாக நடந்து போக விடச் சொல்வார்கள். எனக்கு அது பெரிய பயம். எங்கே சாலையைக் கடக்கிறான் என்று கோடை விடுமுறையில் பத்து தடவை நடந்து பழகினோம், கடைசி மூன்று தடவை அவன் முன்னால், நான் பின்னால்.

நாலாம் வகுப்பு முடிவில் எந்த வகைப் பள்ளி என்று ஆசிரியர் பரிந்துரை தருவார். பல்கலைக்கழகத்துக்கு நேர்வழி கிம்னாசியம். அதற்கு அடுத்த படியில் ரெயால்ஷூலெ. பத்து வயசுப் பிள்ளையை இப்படிப் பிரிக்கலாமா என்று எனக்கு இன்றும் ஒப்புதல் இல்லை. மகளுக்கு 2024-இல் ரெயால்ஷூலெ என்று பரிந்துரை வந்தது. அப்போது பெற்றோர் விரும்பினால் மீறலாம். இப்போது எங்கள் மாநிலத்தில் ஆசிரியர் பரிந்துரை, ஒரு தேர்வு, பெற்றோர் விருப்பம் ஆகிய மூன்றில் இரண்டு கிம்னாசியம் என்று வர வேண்டும். நாங்கள் மீறவில்லை. ஆசிரியையிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டோம். ரெயால்ஷூலெ பத்தாம் வகுப்போடு முடிந்தாலும், மதிப்பெண் நன்றாக இருந்தால் அதற்குப் பிறகு மூன்று வருஷத் தொழில்சார் கிம்னாசியம் போய் அதே பல்கலைக்கழகத் தகுதி வாங்கலாம். அந்த வழி இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு மூச்சு வந்தது. ஊரில் இதை விளக்குவது கடினம். சொந்தக்காரர்கள் கேட்டால், பிள்ளை நன்றாகப் படிக்கிறாள் என்று சொல்லுங்கள், அது உண்மைதான். அவள் முன்னால் மட்டும் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். மகள் இப்போது ராத்திரி எட்டரைக்குத் தூங்குகிறாள், மரவேலை வகுப்பில் ஒரு பறவைக்கூடு செய்திருக்கிறாள்.

கடைசியாக ஊர்ப் பயணம். பள்ளி கட்டாயம் என்பதால் விமானச் சீட்டு மலிவு என்று நாலு நாள் முன்னால் கிளம்ப முடியாது, அபராதம் போடுவார்கள். பிள்ளையின் கூடப்பிறந்தவர்கள் கல்யாணம் என்றால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி கேட்கலாம். தை மாதக் கல்யாணங்களை மறந்துவிடுங்கள். எங்கள் மாநிலத்தில் கோடை விடுமுறை ஜூலை கடைசியில் தொடங்கி செப்டம்பர் நடுவில்தான் முடிகிறது. ஆடியில் குற்றாலச் சாரல், ஆவணியில் கல்யாணம், இரண்டுக்கும் பிள்ளைகள் இருக்கலாம். தங்கச்சிக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆவணியில் தேதி வையுங்கள் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.